பெயர் கேட்டலாகாது

1961ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினான்காம் நாள், திங்கட்கிழமை, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி முதலாளியின் அறக்கட்டளை நடத்திவந்த தரும ஆஸ்பத்திரியில், நோயாளியின் பெயரைக் கேட்கக் கூடாது என்று உத்தரவு போடப்பட்டது. கேட்காத காரணத்தால் மறுநாளே ஓர் உழவர் சாகக் கிடந்தார்.

உத்தரவு போட்டவர் அறக்கட்டளையின் செயலாளர் காசிராஜன். முதலாளியின் மருமகன், பத்தாண்டுகள் தீப்பெட்டி ஆலையை நடத்தியவர். ஆஸ்பத்திரியைத் திறம்பட நடத்துவது எப்படி என்று ஒரு வாரம் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக வார்டில் நின்று ஆராய்ந்தார். அப்போது நர்சு ஒருத்தி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த ஒருவரின் பெயரை அவர் மனைவியிடம் கேட்டாள். புதூர்ப் பக்கத்துப் பெண். முத்துத்தாய் என்று பெயர். புருஷன் பெயரை வாயால் சொல்வாளா?

“வேல் வச்சிருக்கவருக்கு அண்ணன் பேரு.”

“கணபதியா?”

“அதுக்கு முன்னால ஒண்ணு இருக்கு.”

“என்ன இருக்கு?”

“நம்ம கிட்ட இல்லாதது. பணக்காரவுக கிட்ட இருக்குமே!”

செல்வகணபதி என்று கண்டுபிடிக்க ஐம்பத்திரண்டு நொடிகள் ஆயின. காசிராஜன் கடிகாரத்தை நிறுத்தினார். பெயர்களின் காலத்தையும் அன்றோடு நிறுத்தினார்.

“லேபிள் ஒட்டுத பொம்பளை, ஒவ்வொரு பெட்டியையும் ‘உம் பேரு என்ன’ன்னு கேட்டுக்கிட்டா ஒட்டுதா?” என்று அவர் டாக்டரைக் கேட்டார். “கேட்டா ஒரு நாளைக்கு ஒரு குரோஸ், நூத்தி நாப்பத்திநாலு பெட்டி, தேறுமா?”

டாக்டர் தேவஆசீர்வாதம் எந்த நோய்க்கும் அஞ்சாதவர், செயலாளருக்கு அஞ்சுவார். “தேறாதுங்க,” என்றார்.

ஆகவே இருபது கட்டில்களுக்கும் எண் எழுதப்பட்டது. கட்டிலில் தொங்கும் சீட்டில் எண்ணும் மருந்தும் மட்டும் இருக்கும். நர்சுகளுக்கும் எண் உண்டு. ஊசி போடும் நேரத்தில் யாரும் பேசலாகாது. மறுநாள் சுதந்திர தினம்; அன்று காலை வார்டுச் சுற்றை ஏழே நிமிடத்தில் முடித்துக் காட்டுவது என்று தீர்மானமாயிற்று.

நான்காம் எண் நர்சின் பெயர் எஸ்தர்ராணி. பயிற்சி முடிந்து ஓராண்டு காத்திருந்து பெற்ற வேலை. தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதுவரை அவள் பெயருக்கு எதிரில் ஒரு குறிப்பு விழுந்தாலும் வேலை போய்விடும். ஞாயிறும் திங்களும் விடுப்பிலிருந்து, செவ்வாய் காலை ஆறு மணிக்குப் பணிக்கு வந்தவள், அறிவிப்புப் பலகையில் உத்தரவை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்க நேரம் இல்லை. செயலாளர் கடிகாரத்துடன் வந்துவிட்டார்.

அவள் இல்லாத திங்கள் மாலையில் வார்டில் ஒரு சிறு காரியம் நடந்திருந்தது. மாடு முட்டித் தொடை கிழிந்த தங்கப்பாண்டியனை நாகலாபுரத்திலிருந்து கொண்டுவந்து ஏழாம் எண் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். ஒன்று முதல் பத்து வரையுள்ள கட்டில்களின் தலைமாடு வடக்குச் சுவரை ஒட்டியிருந்தது. தங்கப்பாண்டியன் படுக்கவில்லை, காயக் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்தே இருந்தார்.

“செத்தவனத்தான் வடக்க தலை வச்சுக் கிடத்துவாக. நான் இன்னும் சாகலம்மா.”

“அப்பம் திரும்பிப் படுமே,” என்றாள் ஆயா பாண்டியம்மாள்.

“கால்மாட்டுல தலகாணி வச்சா செக்கரட்டரி ஏசுவாருன்னு நீதான சொன்ன?”

எதிர்வரிசைப் பன்னிரண்டாம் எண் கட்டிலில், ஞாயிறன்று வந்து சேர்ந்த குளத்தூர் வேதமணி படுத்திருந்தார். உப்பளத்துக் கங்காணி, சர்க்கரை வியாதிக்காரர், தினந்தோறும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். அந்தக் கட்டிலின் தலைமாடு தெற்கே இருந்தது.

“அண்ணாச்சி, நீங்க இங்கன வாங்க. நான் அங்கன படுத்துக்கிடுதேன். எங்களுக்கு நாலு திக்கும் ஆண்டவர் திக்குதான்.”

“உமக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆச்சுன்னா உம்ம மாடு மேல கேசு போடுதேன்.”

வார்டு முழுவதும் சிரித்தது. பாண்டியம்மாள் தங்கப்பாண்டியனைத் தாங்கிப்பிடித்து அழைத்துச் சென்றாள். தலகாணி மாறிற்று, போர்வை மாறிற்று, செம்பு மாறிற்று. கட்டிலில் தொங்கிய சீட்டை மட்டும் யாரும் தொடவில்லை. அது ஆஸ்பத்திரிச் சொத்து, தொட்டால் வம்பு. கட்டில் மாறிய செய்தி வார்டில் எல்லோருக்கும் தெரியும், சீட்டுக்குத்தான் தெரியாது.

செவ்வாய் காலை சுற்றுத் தொடங்கியது. ஏழாம் எண் கட்டிலருகில் எஸ்தர்ராணி வந்ததும் வேதமணி, “சிஸ்டர், எனக்கு...” என்று வாயெடுத்தார்.

“பேசப்படாது!” என்றார் காசிராஜன். சீட்டில், கட்டு மாற்ற வேண்டும் என்று மட்டும் இருந்தது. அது கம்பவுண்டர் வேலை. அவள் கடந்து போனாள்.

பன்னிரண்டாம் எண். சீட்டில் இன்சுலின். கட்டிலில் இருந்தவரின் கால் சற்றே பருத்த கட்டுடன் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எஸ்தர்ராணிக்கு மனத்தில் எதுவோ இடறியது.

“உங்க பேரு...”

கடிகாரம் ‘டிக்’ என்றது. “நாலாம் நம்பர்! உத்தரவு படிச்சீகளா, இல்லையா?”

ஆறு வாரம் என்று அவள் நினைத்தாள். தங்கப்பாண்டியனுக்கு முந்தைய நாள் தனுர்வாதத்துக்கு ஊசி போட்டிருந்தார்கள்; இன்றும் அதுதான் என்று எண்ணி அவர் தாமாகவே கையை நீட்டினார். ஊசி இறங்கிற்று. சுற்று ஆறு நிமிடம் ஐம்பது நொடியில் முடிந்தது. காசிராஜன் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பன்னிரண்டாம் எண்ணுக்குரிய கோதுமைக் கஞ்சி வந்தபோது தங்கப்பாண்டியன் வேண்டாமென்று தள்ளிவிட்டார். மனைவி சீனித்தாய் முதல் பஸ்ஸில் கம்பஞ்சோறு கொண்டுவருவாள் என்று காத்திருந்தார். எட்டு மணி ஆகியும் பஸ் வரவில்லை. ஊழியர் அனைவரும் கொடிக்கம்பத்தடியில் வரிசையில் நின்றனர்; வார்டில் எஸ்தர்ராணி மட்டுமே இருந்தாள். வேதமணி கட்டிலைவிட்டு இறங்கி அவளிடம் வந்தார்.

“சிஸ்டர், அவிய இருக்கையில கேக்க முடியல. எனக்கு இன்னைக்கு ஊசி இல்லையா?”

“என்ன ஊசி?”

“சக்கரைக்குத்தான். நான் குளத்தூரு வேதமணி. நேத்துக் கட்டில் மாறிட்டோம்லா!”

எஸ்தர்ராணி பன்னிரண்டாம் எண் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தங்கப்பாண்டியனின் உடம்பு நனைந்த துணிபோல் வியர்த்திருந்தது, கை நடுங்கியது. “ஏலே, மாட்டப் பிடி, மாட்டப் பிடி,” என்று இல்லாத ஒருவனை ஏவிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் ஒரு நாள் இப்பிடித்தான் வந்துச்சு,” என்றார் வேதமணி. “சீனி, சிஸ்டர்! சீக்கிரம்!”

சமையலறை பூட்டியிருந்தது. தாழ்வாரத்து மேசைமேல் விருந்தினருக்கென்று சர்பத் கரைத்து வைத்திருந்தார்கள். எஸ்தர்ராணி ஒரு குவளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். வேதமணி தலையைத் தூக்கிப் பிடிக்க, அவள் சிறிது சிறிதாகப் புகட்டினாள். பாதி உள்ளே போயிற்று. பிறகு விழுங்கும் நிலை இல்லை. அவள் கொடிக்கம்பத்துக்கு ஓடினாள். டாக்டர் விறைத்து நின்றுகொண்டிருந்தார். செயலாளர் சொற்பொழிவின் நடுவில் இருந்தார்.

“டாக்டர், பன்னிரண்டாம் நம்பர்...”

“பேச்சு முடியட்டும்மா,” என்று அவர் உதட்டை அசைக்காமல் சொன்னார்.

“பன்னிரண்டுல படுத்திருக்கறது ஏழு, டாக்டர். ஏழுக்கு இன்சுலின் போட்டுட்டேன். நாகலாபுரத்து ஆளு, சாகப்போறாரு!”

எண்ணைச் சொன்னபோது அசையாத டாக்டர், ஆளைச் சொன்னதும் ஓடினார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். இருபது நிமிடத்தில் தங்கப்பாண்டியன் கண்ணைத் திறந்து, எதிரில் தூக்குப்போணியுடன் நின்று அழுத சீனித்தாயைப் பார்த்து, “ஏட்டி, இம்புட்டு நேரமா?” என்றார்.

அன்று மாலையே விசாரணை நடந்தது. முடிவுகள் வருமாறு: சுற்று ஏழு நிமிடத்துக்குள் முடிந்தது பாராட்டத்தக்கது. தவறு, கட்டில் மாறிய நோயாளிகளுடையது. வடக்கே தலைவைத்துப் படுத்த வேதமணி நலமாக இருப்பதால், அவ்வாறு படுப்பதில் கேடில்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டது. நான்காம் எண் நர்சு, விருந்தினர் சர்பத்தை அனுமதியின்றி எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். பெயர் கேட்பதைப் பற்றி விசாரணையில் ஒரு சொல்லும் இல்லை.

எஸ்தர்ராணி மன்னிப்புக் கேட்டாள். கட்டிலில் நடுங்கிய மனிதரிடம் கேட்டாள், சர்பத்துக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலை, செயலாளர் கடிகாரத்துடன் நிற்க, முதல் கட்டிலில் தொடங்கினாள்.

“உங்க பேரு?”

“நாலாம் நம்பர்!” என்று அதட்டினார் காசிராஜன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலில் இருந்தவர் செயலாளரைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், உரக்கவே பெயரைச் சொன்னார். பெயரைச் சீட்டின் தலையில் எழுதிய பிறகே ஊசியை எடுத்தாள். ஒவ்வொரு கட்டிலிலும் அப்படியே. தங்கப்பாண்டியன் தம் பெயரோடு தகப்பனார் பெயரையும், ஊரையும், முட்டிய மாட்டின் நிறத்தையும் சேர்த்துச் சொன்னார். “எதுக்கும் இருக்கட்டும்மா!”

பதினொரு நிமிடம். நான்கு நிமிடம் அதிகம். நண்பகலில் பியூன் இஸ்ரவேல் ஒரு கடிதம் கொண்டுவந்தார்: நான்காம் எண் நர்சு இத்துடன் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.

“இது யாருக்குண்ணாச்சி?”

“உங்களுக்குத்தான் தாயி.”

“எம் பேரு இதுல இல்லையே. பேரெழுதிக் கொண்டாங்க, வாங்கிக்கிடுதேன்.”

இஸ்ரவேல் போனார், போன சூட்டில் திரும்பிவந்தார். “புதுப் பதிவேட்டுல வெறும் நம்பருதான் இருக்காம். அவியளுக்கு உங்க பேரு தெரியாதாம்.”

சற்று நேரத்தில் காசிராஜனே வந்தார். இருபது கட்டில்களும் அவரைப் பார்த்தன.

“உன் பேரு என்னம்மா?”

“எஸ்தர்ராணி,” என்று நிதானமாகச் சொன்னாள். “சரியா எழுதுங்க ஐயா. ஆளு மாறிரப்படாது.”

அவர் எழுதிக் கையெழுத்திட்டார். வேலை போயிற்று. அவருக்கு ஒரு பெயரைக் கேட்டு எழுத எத்தனை நொடிகள் ஆயின என்று அன்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

உத்தரவு இன்னும் அந்தப் பலகையில் தொங்குகிறது. ஆகவே, வாசகரே, நாளை நீரோ உம் வீட்டாரோ அப்படியொரு கட்டிலில் படுக்க நேர்ந்தால், உம் பெயரைக் கேட்காமல் ஊசியோடு வருபவர் எவராயினும், கையைப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கேட்டுப் பொருத்திப் பார்த்த பின்னரே நீட்டும். நான்கு நிமிடம் ஆகும், ஆகட்டும்!