பச்சை விளக்கு யாருக்கு எரிந்தது

வேலையிடத்தில் அந்த எலக்ட்ரீஷியனுக்கு ரேடியோ என்று பெயர். அடுக்குமாடிக் கட்டடத்தின் மீட்டர் அறைச் சாவிகளெல்லாம் அவர் இடுப்பில்தான். நடந்தால் சாவிக்கொத்து கலகலக்கும், நின்றால் வாய் கலகலக்கும். பிழைக்க வந்த ஊரின் மொழியை வந்த புதிதிலேயே எடுத்து விளாசத் தொடங்கிவிட்டார். இலக்கணத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்தான், ஆனாலும் காரியம் நடந்துவிடும்.

அவர் மனைவி நேர்மாறு. ஒரு பேச்சைத் தொடங்கி, நடுவில் நின்று, பொருத்தமான சொல்லைத் தேடுவாள். அவள் தேடுகிற நேரத்தில் இவர் அதை முடித்துக் கொடுத்துவிடுவார். கல்யாணமான நாள்முதல் அவள் ஆரம்பிப்பதும் இவர் முடிப்பதுமாகவே குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. அதை உதவி என்றே நினைத்திருந்தார், பாவம்.

அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடும் வேலை. நாள் முழுக்க ஆவியில் நின்று, மாலையில் மணிக்கட்டு வீங்கி வருவாள். இவர்தான் தைலம் தேய்த்துவிடுவார். இந்த நிலையில்தான் சலவைக்குத் துணி வாங்கும் கவுன்டரில் ஓர் இடம் காலியானது. "விருந்தாளிகளிடம் பேசத் தெரிந்தால் அந்த இடம் உனக்குத்தான். வெள்ளிக்கிழமை டெஸ்ட்" என்று சொல்லி, பழகுவதற்கு ஒரு ஹெட்செட்டும் கொடுத்தனுப்பினாள் மேனேஜரம்மா.

அதைக் கண்ணில் மாட்டினால் ஒரு கடைத்தெரு விரியும். கடைக்காரர்கள் பேசுவார்கள், நாம் வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். சொன்னது புரிந்தால் கேட்ட பொருள் கைக்கு வரும், கடைக்காரர் தலைக்கு மேல் பச்சை விளக்கு எரியும். புரியாவிட்டால் காதருகே கையை வைத்துச் சிரித்துக்கொண்டே நிற்பார். மாட்டியவர் பார்ப்பதெல்லாம் போனிலும் தெரியும்.

ரேடியோ போனும் கையுமாகக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அவள் வாயெடுப்பதற்குள், "வெங்காயம்னு சொல்லு! ரெண்டு கிலோன்னு கேளு!" என்று அந்த ஊர் மொழியிலேயே முழங்கினார். மைக்குக்கு யார் குரலானால் என்ன? வெங்காயம் வந்தது, விளக்கும் எரிந்தது. கடை கடையாக வெற்றி.

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"எனக்கு எலுமிச்சம்பழம்தாங்க வேணும்."

"அங்க என்ன ஜூஸா போடப் போற? எது கிடைச்சா என்னம்மா, பச்சை எரிஞ்சுதா இல்லையா?"

"எரிஞ்சுது. உங்களுக்கு எரிஞ்சுது."

மறுநாள் அவள் எதையெதையோ துழாவி, தன் குரலை மட்டும் கேட்கும்படி அதை மாற்றிவிட்டாள். இவர் வழக்கம்போல் வெங்காயம் கேட்டார். கடைக்காரர் அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினார். அந்த ஆள் இவர் இருக்கிற திசையைக்கூடக் கண்டுகொள்ளாமல் அவளையே பார்த்து நின்றார். ரேடியோவுக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது.

அவள் தேடினாள், தடுமாறினாள், மறுபடி தொடங்கினாள். கடைக்காரர் அவசரப்படவே இல்லை. கடைசியில் எலுமிச்சம்பழம் அவள் கைக்கு வந்தபோது, தன் பெண்டாட்டி இவ்வளவு நீளமாகப் பேசுவாள் என்பதே அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிவரப் போனவரை மேனேஜரம்மா சைகையால் உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். மனைவி ஹெட்செட்டோடு நடுவில் நின்றிருந்தாள். சுவரில் பெரிய திரை. அதில் கறைபட்ட கோட்டோடு ஒரு விருந்தாளி காச்மூச்சென்று கத்திக்கொண்டிருந்தார். அவள் நிதானமாகக் கேட்டு, கறை எதனால் பட்டது, துணி எப்போது வேண்டும் என்று விசாரித்து ஆளைச் சாந்தப்படுத்தினாள். சாந்தமானவர் ஊர்க்கதைக்கு இறங்கினார்.

"உன் வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

அவள் நின்றுவிட்டாள். ஒன்றும் வரவில்லை. மேனேஜரம்மாவின் பேனா தாளுக்கு மேல் காத்திருந்தது. ரேடியோவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் இருக்கேனே, என்னைச் சொல்லேன்! கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். இங்கே கோட்டைவிட்டால் மறுபடி அந்த ஆவி, அந்த மணிக்கட்டு. நெளிந்ததில் சாவிக்கொத்து லேசாகச் சிணுங்கியது.

அவள் பேசத் தொடங்கினாள்.

"என் கணவர் இருக்கிறார். நல்லவர். நிறையப் பேசுவார். இப்போது வாசலில் காவலாளியைப் பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருப்பார்." மேனேஜரம்மா சிரிப்பை அடக்கினாள். "அவர் பேச்சு இல்லாத வீடு எனக்குப் பிடிக்காது. ஆனால் நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிடுவார். அது பல நேரம் நான் சொல்ல வந்தது இல்லை. 'அப்புறம்?' என்று அவர் ஒருநாள் கேட்டால் போதும்."

பச்சை விளக்கு எரிந்தது. அவள் ஹெட்செட்டைக் கழற்றுவதற்குள் ரேடியோ பூனைபோல நழுவி வாசலுக்கு வந்துவிட்டார். காவலாளியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கமாகவும் இருந்தது, மனசு நிறைந்தும் இருந்தது.

கவுன்டர் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் அவளுக்கு.

"இன்னிக்கு டெஸ்ட்ல ஒருத்தர் கோட்டோட வந்தாரு..." என்று தொடங்கி வழக்கம்போல் நின்றாள். கறை, கத்தல், காவலாளி எல்லாம் இவர் வாயில் முட்டிக்கொண்டு நின்றன. விழுங்கினார்.

"அப்புறம்?"

அவள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சொன்னாள், முழுசாக, நின்று நின்று. இரண்டு நிறுத்தம் தாண்டியும் கதை முடியவில்லை. அவர் குறுக்கே வரவில்லை.

"கடைசியில வீட்டைப் பத்திக் கேட்டாங்க. எனக்கு ஒண்ணுமே வரலை. அப்பதான் சாவிக்கொத்து சத்தம் கேட்டுச்சு."

ரேடியோவின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"நீங்க அங்க இருந்தும் வாயத் தொறக்கலையேன்னு ஆச்சரியமா இருந்துச்சு. அந்த ஆளுக்கா சொன்னேன்? உங்களுக்குத்தான் சொன்னேன்."

பதில் சொல்ல அவரிடம் நூறு இருந்தது. கண் வேறு கலங்கித் தொலைத்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"அப்புறம்?" என்றார்.