பானாவுக்கு ஹானா

காலர் முனையில் ஒரு தையல் தாவியிருந்தது. லீலா சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டிவிட்டு, சட்டைக் கட்டிலிருந்து அடுத்ததை எடுத்தாள். அதிலும் அதே இடத்தில் தாவல். மூன்றாவதிலும் அப்படியே. அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை. இருபது சட்டைகளையும் மறுபடி கட்டி, திருத்தித் தைக்கப் போகும் ஆல்டர் கூடையில் போட்டாள்.

"மூணு பீஸ்தான் பாத்த. இருவதையும் தள்ளிட்டியா?" சூப்பர்வைசர் நஞ்சுண்டசாமி பின்னால் வந்து நின்றார். கொள்ளேகால் பக்கத்துக்காரர். தமிழர்களிடம் தமிழ், கன்னடர்களிடம் கன்னடம், முதலாளியிடம் வெறும் தலையாட்டல்.

"எல்லாம் ஒரே மிசின்ல தச்சது சார். ஊசி மழுங்கியிருக்கும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதமுங்க."

அவர் கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒன்றும் அடியிலிருந்து ஒன்றும் உருவிப் பார்த்தார். இரண்டிலும் தாவல். "உன்னைய ஏமாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு நகரப் போனவரை லீலா தயங்கித் தயங்கி நிறுத்தினாள். மைசூருக்கு வந்து எட்டு மாதம், இந்த ஆயத்த ஆடைக் கம்பெனியில் ஆறு மாதம். இதுவரை அவள் யாரிடமும் ஒரு மணி நேரம்கூடக் கேட்டதில்லை.

"சார், நாளைக்குக் காலைல கொஞ்சம் பர்மிசன் வேணுமுங்க. பாப்பா இஸ்கூல்ல வரச் சொல்லியிருக்காங்க."

"சனிக்கிழமையா? ஷிப்மெண்ட் இருக்கேம்மா."

"மொத தடவைங்க சார்."

"பதினோரு மணிக்கு டேபிள்ல நிக்கணும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் ஆப்சென்ட்டுதான்."

லீலாவின் மகள் காவேரிக்கு ஒன்பது வயது. மேட்டூர் பக்கம் கொளத்தூரில் மூன்றாவது வரை தமிழில் படித்தவள், வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள். அவள் அப்பா வேலாயுதம் மைசூரில் சென்ட்ரிங் வேலை செய்துகொண்டு மூன்று வருஷம் தனியாகக் கிடந்தான். இனி எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று குடும்பத்தைக் கூட்டி வந்து கும்பாரகொப்பலில் ஒற்றை அறை பிடித்தான். மூன்றாவது மாதமே மேஸ்திரி அவனைக் குண்டலுபேட்டையில் பாலம் கட்டப் போகச் சொல்லிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு.

காவேரியைப் பக்கத்து அரசுப் பள்ளியில் நாலாவதில் சேர்த்தார்கள். கன்னட எழுத்துகளை இரண்டே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். எழுத்து வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. ஆகவே ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்து உட்காரும் சின்னப் பிள்ளைகளின் அறைக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். அங்கே அவள் ஒருத்திதான் நெட்டை. சின்னதுகள் 'அக்கா' என்று மடியில் ஏறின. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக 'அஜ்ஜி' என்று கூப்பிட்டன. கன்னடத்தில் அஜ்ஜி என்றால் பாட்டி. தினமும் காலையில் காவேரிக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. ஓமத் தண்ணீரில் தீருகிற வலி இல்லை அது என்று லீலாவுக்குத் தெரியும்.

சனிக்கிழமை பள்ளியில் ஸ்ரீதேவி மிஸ் காவேரியின் நோட்டை நீட்டினார். நாலாவதையும் ஐந்தாவதையும் ஒரே அறையில் சேர்த்துப் பார்க்கிறவர். வாரம் முழுக்கக் கத்திக் கத்திக் குரல் கட்டியிருந்தது. அவர் பேசிய கன்னடத்தை, பள்ளியில் மதியச் சோறு ஆக்கும் கமலம்மாள் பக்கத்தில் நின்று தமிழாக்கினாள். அவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி.

"படத்தப் பாத்துப் பேரு எழுதணும். இருவதுல ஏழுதான் சரியா இருக்காம். மூணு வாரம் கழிச்சு இன்னொரு டெஸ்ட் வெப்பாங்களாம். பதினாலு எழுதிட்டா நாலாவதுக்கு வாபஸ் வந்துடலாம். இல்லேன்னா வருஷம் பூரா அங்கதான்."

"மனேலி ஸ்வல்ப ஹேள்கொடி, அம்மா" என்றார் மிஸ்.

"வீட்ல கொஞ்சம் சொல்லிக் குடுங்கங்கறாங்க" என்றாள் கமலம்மாள்.

கன்னடத்தில் ஒரு எழுத்தும் தெரியாத லீலா, "சரிங்க மிஸ்" என்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, பார்க்கத் தெரியுமே. மிஸ் சிவப்பு மையில் சுழித்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனாள். மகள் எழுதிய வார்த்தைகளில் ஆறு ஒரே எழுத்தில் ஆரம்பித்தன. கீழே மிஸ் திருத்தி எழுதிய ஆறும் வேறு ஒரே எழுத்தில் ஆரம்பித்தன. இரண்டு எழுத்தும் அக்கா தங்கை மாதிரி. ஒன்றுக்கு வலப்பக்கம் ஒரு சுழி கூட, அவ்வளவுதான்.

"இங்க வா கண்ணு. இது என்ன எழுதியிருக்க?"

"பாலு."

"மிஸ் எழுதினது?"

"ஹாலு."

"இது?"

"புலி. மிஸ் ஹுலின்னு எழுதியிருக்காங்க. இது பூவு, அவங்க ஹூவு. இது பசு, அவங்க ஹசு. பல்லு, ஹல்லு. பல்லி, ஹல்லி."

லீலா நோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். "அடியேய், எல்லாம் ஒரே மிசின்ல தச்சதுடீ! நாம பானா போடற எடத்துல இவங்க ஹானா போடறாங்க. உனக்கு எல்லாந் தெரியுது கண்ணு. மொத எழுத்த மட்டும் ஆல்டர் பண்ணோணும், அவ்வளவுதான்!"

காவேரி அம்மாவையே பார்த்தாள். பள்ளியிலிருந்து வந்த நோட்டைப் பார்த்து யாரும் சிரித்து அவள் கண்டு வெகுநாளாகியிருந்தது.

அன்று முதல் வீடே பள்ளிக்கூடமாயிற்று. லீலா வெங்காயம் அரிந்துகொண்டே வார்த்தை சொல்வாள், காவேரி சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். சுழி விட்டுப்போனால் லீலா கண்டுபிடித்துவிடுவாள். இப்படிப் பார்த்துப் பார்த்தே அவளுக்கும் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் பழகின. "அம்மா, ஹசிக்குது" என்று காவேரி ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னாள். பக்கத்துத் தெருவிலிருந்து பாத்திரம் இரவல் வாங்க வந்திருந்த கமலம்மாள், "சரியாத்தான் சொல்றா. கன்னடத்துல பசிக்கு ஹசிவுதானே" என்றாள். லீலாவுக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த வேலாயுதம், தாயும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"எனக்கு எல்லாம் ஜிலேபியாத் தெரியுது. எப்படி அம்மிணி கண்டுபிடிக்கிற?"

"உங்க பேருல பானா இல்லப்பா. நீங்க தப்பிச்சீங்க" என்றாள் காவேரி. காலையில் வயிறு வலிக்கிறது என்று அவள் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஒரே ஒரு தடவை அவளுக்குச் சந்தேகம் வந்தது. "அம்மா, பென்சிலுக்கு? மிஸ்ஸு பென்சில்னுதான் சொல்றாங்க. பாத்திரத்தக்கூட பாத்ரென்னுதான் சொல்றாங்க."

லீலா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். எட்டாவது வரை தமிழில் படித்தவள். அந்தப் படிப்பு சொல்லிக் கொடுத்ததைத்தான் அவளால் திருப்பிச் சொல்ல முடியும்.

"பேசறது வேற, எழுதறது வேற கண்ணு. நாம 'வந்துட்டாங்க'ன்னு பேசறோம். பரிச்சையில அப்படியா எழுதுவ? 'வந்துவிட்டார்கள்'னுதான எழுதுவ? அதே மாதிரிதான். அவங்க பென்சிலுன்னு பேசுவாங்க, எழுதறப்ப ஹானாதான் போடோணும்."

தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. காவேரி சிலேட்டில் 'ஹென்சில்' என்று எழுதி, சுழியை அழுத்திப் போட்டாள்.

டெஸ்ட் வியாழக்கிழமை நடந்தது. "பானா வந்த எடத்துலயெல்லாம் ஹானா போட்டுட்டேம்மா" என்று கத்திக்கொண்டே காவேரி ஓடி வந்தாள். சனிக்கிழமைக்குப் பர்மிஷன் கேட்டபோது நஞ்சுண்டசாமி சலித்துக்கொண்டார். "மாசத்துல ரெண்டு வாட்டியா?" என்றார். லீலா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு பத்து மணிக்கெல்லாம் பள்ளி வராந்தாவில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் ஆறு பேர். முறை வந்தபோது பத்தரை. காவேரி ஏற்கெனவே மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், தலை நிமிரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாலைந்து பிள்ளைகள் "ஹஹ்ஹஹ்ஹா" என்றன. அது வெறும் சிரிப்பு இல்லை என்பது லீலாவுக்கு அப்போது புரியவில்லை.

ஸ்ரீதேவி மிஸ் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "ஹென்சில். ஹாத்ரெ. ஹூரி. ஹெட்டிகெ." படிக்கும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கமலம்மாளைப் பார்த்துக் கன்னடத்தில் நீளமாகப் பேசினார்.

"பென்சில், பாத்ரெ, பூரி, பெட்டிகென்னுதான் எழுதணுமாம், லீலா. எழுதறதும் அப்படியேதானாம்" என்றாள் கமலம்மாள், குரலைத் தாழ்த்தி. "எல்லாத்துக்கும் ஹ போட வெச்சது யாருன்னு கேக்கறாங்க."

"நாந்தான்" என்றாள் லீலா. உடனே, "பாலு, புலியெல்லாம் இந்தத் தடவ சரியா எழுதியிருக்காளான்னு கேளுங்கக்கா" என்றாள்.

"அந்த ஆறும் சரி. இருவதுக்குப் பத்து."

லீலா கணக்குப் போட்டாள். பத்தும் அந்த நாலும் பதினாலு. அந்த நாலும் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தைகள். ஆறைக் கொடுத்ததும் அவள்தான், நாலைப் பிடுங்கியதும் அவள்தான்.

"மிஸ், அந்த நாலும் என்ற தப்புங்க. பாப்பா மேல தப்பில்ல. இப்பவே எழுதச் சொல்லிப் பாருங்க, சரியா எழுதிருவா. அக்கா, சொல்லுங்கக்கா."

கமலம்மாள் சொன்னாள். மிஸ் காவேரியை ஒரு தடவை பார்த்தார், அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வராந்தாவில் இன்னும் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். லிஸ்ட் இன்றைக்கே ஆபீஸுக்குப் போக வேண்டும், மறுபடி டெஸ்ட் வைக்கத் தன்னால் முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். கடைசியாக, லீலாவுக்குப் புரியவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நீவு மனேலி ஏனூ ஹேள்கொடபேடி."

அதைக் கமலம்மாள் தமிழாக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் நீங்கள் எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மிஸ் ஒரு அச்சடித்த தாளை எடுத்துக் காவேரியின் பெயரை எழுதினார். சின்னப் பிள்ளைகளின் அறையில் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று நிரப்ப வேண்டுமாம்.

"இது என்னக்கா?"

"ஆபீஸுக்குக் காரணம் காட்டணும்ல, அதுக்கு. பெத்தவங்க வீட்ல புள்ளைய ஊக்கப்படுத்தறாங்களான்னு இங்க கேட்டிருக்கு. அவங்களே எழுதிக்குவாங்க. நீ கீழ கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றாள் கமலம்மாள். சமையலறையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஸ்வல்ப இரு, சாம்பார் பொங்குது" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள்.

மணி பத்து நாற்பத்தைந்து. மிஸ் அந்தக் கேள்விக்கு எதிரே ஒரு சின்ன வார்த்தையை வேகமாக எழுதி, தாளை லீலா பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டினார். "சைன் மாடி, அம்மா."

லீலா குனிந்து பார்த்தாள். கேள்வியை அவளால் படிக்க முடியவில்லை. எதிரே இருந்த வார்த்தையில் இரண்டே எழுத்து. முதல் எழுத்து தெரிந்தது, இ. அடுத்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். லானா, அதன் கீழே இன்னொரு குட்டி லானா. கன்னடத்தில் அவள் யார் துணையும் இல்லாமல் தானாகப் படித்த முதல் வார்த்தை அது. தமிழில் அவள் வாயில் வருவதும் அதே வார்த்தைதான், ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

"இல்ல" என்று படித்தாள்.

"ஹூம், சைன் மாடி" என்றார் மிஸ், அடுத்த தாளை எடுத்தபடி.

காவேரி அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லீலா அந்த வார்த்தைக்குக் கீழே தமிழில், குண்டு குண்டாக, சுழி விடாமல் தன் பெயரை எழுதினாள்.