பாண்டி வீட்டு வைஃபை

இசக்கியம்மாள் சார்ஜர் வயரை உருவினாள். போனைப் பாலித்தீன் பையில் போட்டு முடிந்து, அரிசி டிரம்முக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியில் புதைத்தாள். மேலே அரிசியைத் தடவிச் சமமாக்கி மூடியைத் திருகினாள். தான் சாப்பிட மறந்த நாள் உண்டு, அந்தப் போனுக்குச் சார்ஜ் போட மறந்த நாள் இல்லை. மகன் யோகராஜ் இருந்த காலத்தில் அவள் அதைத் தொட்டாலே வள்ளென்று விழுவான். இப்போது தினமும் சேலைத் தலைப்பால் அதன் முகத்தைத் துடைக்கிறாள். பூட்டைத் திறக்கும் புள்ளிகளை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்க்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து வரச்சொல்லி அது கைவிரித்ததும் திரும்ப அரிசிக்குள் வைத்துவிடுகிறாள். நிஜமாகவே திறந்துகொண்டால் என்ன செய்வது என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் அவன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போனான். குளிக்கப் போனாலும் போனும் கையுமாகப் போகிற பிள்ளை, அன்றைக்கு வெறுங்கையோடு போனதை அவள் கவனிக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்த அலுப்பில் கண்ணயர்ந்துவிட்டாள். விடியும்போது ஊருக்குக் கிழக்கே பாழுங்கிணற்றிலிருந்து அவனை எடுத்தார்கள். கிணற்றடியில் அவன் கூட்டாளி பாண்டியராஜன் நனைந்த துணியோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யோகராஜ் வாட்ஸப்பில் என்னவோ சொன்னதைப் பார்த்துப் பயந்து ஓடி வந்ததாகவும், தண்ணீரில் கண்டு குதித்ததாகவும், தூக்க முடியாமல் போனதாகவும் சொன்னான். காட்டச் சொன்னார்கள். அவன் போன் சட்டைப்பையோடு தண்ணீரில் ஊறிச் செத்திருந்தது. யோகராஜின் போனையோ காணவில்லை. முந்தின வாரம்தான் ஒரு கல்யாண வீட்டில் ரெண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊர் பார்த்திருந்தது. அதற்குக் கண், காது, மூக்கு வைக்க ஆளுக்கா பஞ்சம்? கொன்றுவிட்டுப் போனை ஒளித்துவிட்டான் என்று பாண்டியை ரிமாண்டில் வைத்தார்கள்.

போன் என் வீட்டில்தான் கிடக்கிறது என்று அன்றைக்கே அவள் சொல்லியிருக்கலாம். வாசலில் ஊர் கூடி அழுதுகொண்டிருந்தபோது அவள் உள்ளே போய் முதலில் செய்த காரியம், சிம்மைக் கழற்றி அடுப்பில் போட்டது. சிம் இல்லாத போன் வெறும் கண்ணாடிச் சில்லு, போலீசால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்று ஆபீசில் யாரோ சொன்னது அந்த நேரத்தில் எப்படித்தான் ஞாபகம் வந்ததோ. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனான் என்றால் அவன் தானாகப் போனவன். போனைக் காணோம் என்றால் யாரோ அவனைக் கொண்டுபோனவர்கள். பெற்றவளுக்கு இரண்டில் ஒன்றைத்தான் தாங்க முடிந்தது.

அந்தக் குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு. அடிபட்டோ வெட்டுப்பட்டோ செத்தவர்களுக்குச் சுடலைமாடன் கோயில் ஓரத்தில் பீடம் போட்டு, வருஷா வருஷம் கொடைத் திருவிழாவில் சாமியாகக் கும்பிடுவார்கள். தானாகப் போனவர்களுக்கு ஒரு விளக்குகூடக் கிடையாது, அவர்கள் பேரை எந்தப் பிள்ளைக்கும் வைக்கமாட்டார்கள். அவளுடைய செத்துப்போன புருஷனின் அண்ணன் வெயிலுமுத்து நேற்றுத்தான் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"வைகாசிக் கொடைக்குள்ள பீடத்தப் போட்டுருவோம் இசக்கி. நம்ம பிள்ள சாமியா நிப்பான்."

அவள் தலையாட்டினாள். மனசு ஆடவில்லை. மகன் ஒருநாள்கூடக் கனவில் வரவில்லை என்பதுதான் அவளைப் போட்டு அரித்தது. வந்ததெல்லாம் பாண்டிதான். தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்று, எப்போதும் கேட்பதுபோல, "அத்த, சோறு இருக்கா" என்று கேட்டான். ஜெயிலில் உயிரோடு இருக்கிறவன் பேயாக வந்து நிற்பதை யாரிடம் போய்ச் சொல்வது? சோறு போட எழுந்திருக்கும்போது விழிப்புத் தட்டிவிடும். அப்புறம் விடியும்வரை அந்த டிரம்மையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

மூடியைத் திருகிய கையோடு வெளியே வந்தவள், எப்போதும்வென்றான் ஊருக்குப் போகிற ரோட்டிலிருந்து ஜீப் இறங்கி வருவதைப் பார்த்தாள். பருத்தி எடுத்து முடிந்த கரிசல் வெடித்துக் கிடந்தது. ஜீப்பை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு ஒரு பெண் எஸ்.ஐ. இறங்கினாள். முத்துசெல்வி என்று சட்டையில் பேர் இருந்தது. ரெண்டு கொம்பு முளைத்த கறுப்புப் பெட்டி ஒன்று அவள் தோளில் தொங்கியது, கையில் ஸ்லேட்டு மாதிரி ஒரு டேப். அதைப் பார்த்துக்கொண்டே வீடு வீடாக நின்று நின்று வந்தாள். ஒரு முழம் தள்ளிப் பின்னால் பாண்டியின் அம்மா கிருஷ்ணவேணி வந்தாள். சிம் சாம்பலாகிவிட்டது, சிம் சாம்பலாகிவிட்டது என்று இசக்கியம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முத்துசெல்வி வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டாள். சொம்பை நீட்டும்போது இசக்கியம்மாளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இது என்ன பெட்டி தாயி?"

"வைஃபை தேடுத பெட்டிம்மா. ஒங்க மகன் போன்ல ரீசார்ஜ் தீந்து கெடந்துச்சாம்லா. பாண்டி வீட்டுப் பக்கம் போயி அவங்க வைஃபைலதான் நெட் பாத்திருக்காரு. கடேசி மெசேஜும் அங்கன இருந்துதான் போட்டிருக்கணும். அந்தப் பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே இந்தப் பெட்டிக்கும் வச்சிருக்கோம். போன் உசுரோட இருந்தா பக்கத்துல வந்ததும், பாண்டி வீட்டுக்கு வந்துட்டோம்னு நெனச்சு ஒட்டிக்கிடும்."

"சிம்மு இல்லேன்னா?"

முத்துசெல்வி குடிப்பதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சிம் எதுக்கும்மா இதுக்கு? சார்ஜ் இருந்தா போதும். அது பாட்டுக்குத் தேடிக்கிட்டே கெடக்கும்."

"இத்தன நாளுமா?"

"இத்தன நாளும்."

போனின் வாயைக் கட்டிவிட்டோம் என்று இசக்கியம்மாள் நினைத்திருந்தாள். அதுவோ அரிசிக்கு அடியில் கிடந்து ராத்திரி பகலாகப் பாண்டி வீட்டைத் தேடியிருக்கிறது. அதற்குத் தெம்பு கொடுத்துக் கொடுத்துத் தேடவிட்டதும் அவள்தான்.

கிருஷ்ணவேணி வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். ரெண்டு மாதமாக இந்த வாசலை மிதிக்காதவள். "அவன் போன் கெடச்சா போதும் மதினி," என்றாள். "எம்பிள்ள அனுப்புனது அதுல வந்திருக்கும்லா. பொய் சொல்லுதானா நெசம் சொல்லுதானான்னு தெரிஞ்சு போவும். கொன்னவன்தான்னு இருந்தா நானே அவனத் தல முழுகிருதேன்."

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் யாரோ குருவியை அமுக்கிப் பிடித்த மாதிரி ஒரு சத்தம். ஒன்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் விடாமல், ஒன்றின்மேல் ஒன்றாக. முத்துசெல்வி டேப்பைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், இசக்கியம்மாளைப் பார்த்தாள்.

யாரும் சொல்லாமலே இசக்கியம்மாள் உள்ளே போனாள். மூடியைத் திருகி, கையை விட்டாள். அரிசி சூடாக இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. பையோடு வெளியே எடுத்தபோது கண்ணாடி விளக்குப்போல எரிந்துகொண்டிருந்தது. பூட்டு திறக்கவில்லை, ஆனாலும் ரெண்டு மாதம் எங்கேயோ காத்துக் கிடந்ததெல்லாம் அதன் முகத்தில் அடித்துப்பிடித்து வந்து விழுந்துகொண்டிருந்தது. கூடப் படித்த பையன்களின் குரூப்பில் யாரோ போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. பிள்ளை தன் சாவைத் தானே வாங்கிக்கொள்கிற மாதிரி, அவனுடைய படம் அவனுடைய போனுக்கே வந்து சேர்ந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். விரல் பட்டு அது நகர்ந்து, அதற்குக் கீழே பாண்டி என்ற பேர் தெரிந்தது.

வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை முழுக்க அரிசி மாவு. கிருஷ்ணவேணிக்கு எழுத்து தெரியாது என்பது இசக்கியம்மாளுக்குத் தெரியும். முத்துசெல்வி கையை நீட்டப் போனவள், என்ன நினைத்தாளோ, மடக்கிக்கொண்டாள்.

இசக்கியம்மாள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"மாப்ள... அங்கனயே... இரு."

"ஓடி... வந்துக்கிட்டு... இருக்கேன்."

கிருஷ்ணவேணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மூன்றாவது வரியின் கீழே இசக்கியம்மாளின் விரல் ஊர்ந்து போய் நின்றது. நீ சாகாதலே என்று தொடங்கியிருந்தது அந்த வரி. இதை வாசித்துவிட்டால் அவள் பிள்ளையை யாரும் கொல்லவில்லை.

"வாசிங்க மதினி," என்றாள் கிருஷ்ணவேணி.

போன் மங்கியது. இசக்கியம்மாள் விரலால் தொட்டாள், எரிந்தது. மறுபடி மங்கியது, மறுபடி தொட்டாள். வாசிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அது அணைந்துவிடாமல் தொட்டுத் தொட்டு வைத்திருந்தாள்.