எந்த வீட்டுப் ‘பரவாயில்லை’?

1

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று உண்டு: ஒருவர் ‘பரவாயில்லை’ என்றால் மேற்கொண்டு கேட்கக் கூடாது. சொல்லின் பொருள் மனத்துக்குள் இல்லை, அதைப் புழங்கும் மனிதர்களிடையே இருக்கிறது என்றொரு கட்டுரை எழுத அமர்ந்தேன். உதாரணத்துக்காக அழைத்த அந்த வீட்டு மருமகள் எழுந்து போக மறுத்துவிட்டாள், அது கதையாகிவிட்டது.

2

அவள் எக்ஸ்ரே எடுப்பவள். (அடுத்தவர் நெஞ்சு தெரியும், தன் நெஞ்சு... மலிவான வரி. அடித்துவிட்டேன்.) வெளியூர்க் கிளைக்குப் பொறுப்பாளராகப் போகச் சம்மதமா என்று மருத்துவமனை கேட்டிருக்கிறது. மாலைக்குள் பதில் வேண்டும்.

பிறந்த வீட்டில் ‘பரவாயில்லை’ பாராட்டு. அப்பா எதையும் அதற்குமேல் புகழ்ந்ததில்லை. புகுந்த வீட்டில் அது சகிப்பு: தேநீர் ஆறிவிட்டதா, பரவாயில்லை. இத்தனை ஆண்டுகளில் அவள் நாவில் சொல் மாறவில்லை. பொருள் எப்போது வீடு மாறியது?

“அந்த வீட்ல உனக்கு எப்படிம்மா இருக்கு?” தொலைபேசியில் அப்பா.

“பரவாயில்லைப்பா.”

“அப்புறம் எதுக்கு ஊர் மாறணும்? பேசாம இரு.”

அவள் பதிலைக் காதில் வாங்கிய கணவன் முகம் சுருங்கியது.

“அவ்வளவு பொறுத்துக்கிட்டா இருக்கே? நீ கிளம்பு. அம்மாவை நான் பாத்துக்கறேன்.”

“நீங்களா? உங்க சாக்ஸை முதல்ல பாத்துக்கோங்க.”

3

‘என் வாழ்க்கை பரவாயில்லை என்று நினைக்கிறேன்.’ இதில் அவள் தவறவே முடியாது. நினைப்பில் எந்தப் பொருள் இருக்கிறதோ, அதுவே இந்த வாக்கியத்திலும் வந்து அமர்ந்துகொள்ளும். ஆகவே தன்னறிவுக்குப் பங்கமில்லை என்று கட்டுரையை முடித்திருப்பேன். அவளுக்கு வேண்டியதோ தவறாத வாக்கியம் அன்று, போவதா இருப்பதா என்பதற்குப் பதில். உள்ளே பார்த்தால் சொல் மட்டும் கிடக்கிறது. எந்த வீட்டுடையது என்ற அடையாளம் அதில் இல்லை.*

* ‘நிறைவா, சகிப்பா’ என்று கேட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். கேட்டாள். நிறைவு என்பதை எந்த வீட்டில் கற்றாள்?

4

முதல் முடிவு: போகிறாள். புதிய அறையில் சன்னலைத் திறந்து, அவள்...

இரண்டாம் முடிவு: இருக்கிறாள். கணவன் மகிழ்ந்து...

இரண்டிலும் அவளுக்குப் பதிலாக நானே பொருள் சொல்லிவிடுகிறேன். எனவே முடிவு உங்களுடையது. என்னால் எழுத முடிந்தது இதுவரைதான்:

“போனாலும் பரவாயில்லை, இருந்தாலும் பரவாயில்லை” என்றார் மாமியார். கணவன் வழக்கம்போல் தலை குனிந்தான்.

அவள் குனியவில்லை.

“பரவாயில்லைன்னா என்ன அத்தை? சந்தோஷம்னு அர்த்தமா, தாங்கிக்குவேன்னு அர்த்தமா? நீங்க சொல்லுங்க. அப்பதான் நான் என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன்னு எனக்கே தெரியும்.”