பட்டமளிப்பு நேரலை

அரியநாயகத்தாருக்கு எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியாது. மகள் இந்துஜா அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் வாங்கப் போகிறாள் என்று அறிந்த கிழமையே சந்தியில் ஒரு பனர் கட்டிவிட்டார். வேலணையிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகிற பஸ்ஸில் இருக்கிறவர்கள் கழுத்தைத் திருப்பாமலே வாசிக்கலாம், அவ்வளவு பெரிது. நடுவில் இந்துஜாவின் முகம், பின்னால் சிவப்புச் செங்கல் கட்டடங்களும் ஒரு மணிக்கூட்டுக் கோபுரமும், கீழே அவளை ஊரின் பெருமை என்று சொல்கிற நாலு வரி. கோபுரம், மகள் அனுப்பிய படத்திலிருந்து எடுத்தது. அந்தப் படத்தில் கோபுரத்துக்கு முன்னால் அவளுடைய சிநேகிதர்கள் கொஞ்சப் பேர் நின்றார்கள். இவர்களை அழிக்கவோ என்று பனர் அடிக்கிற கடைக்காரர் கேட்டபோது, "ஓம், இடம் காணாதுதானே" என்று சொன்னவர் இவர்தான். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம்.

அடுத்து, பட்டமளிப்பை நேரலையில் பார்க்க ஆட்களைக் கூப்பிட்டார். இந்தத் தீவுகளில் இப்போது செத்தவீடும் நேரலை, பெண்பிள்ளை பெரிசானால் சாமத்தியவீடும் நேரலை. பாதிச் சனம் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும்போது வேறென்ன செய்வது? இங்கே நடப்பதை அங்கே இருக்கிறவர்கள் பார்ப்பதுதான் வழக்கம். அங்கே நடப்பதை இங்கே கூட்டம் கூட்டிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கூப்பிட்டவர்களில் முக்கியமானவர் கனகசபாபதி. வேலணையில் இருக்கிறார், கல்விக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வெடுத்தவர். அவருடைய தங்கை மகன் பிரதாபன் நியூ ஜேர்சியில் வேலை செய்கிறான். அவனுக்கும் இந்துஜாவுக்கும் பேச்சு நடந்து, சாதகக் குறிப்பும் பொருந்தி, இரண்டு பேரும் மாதக்கணக்கில் போனில் கதைத்து ஒருவருக்கு ஒருவரைப் பிடித்தும் போயிருந்தது. பிரதாபனுக்குத் தகப்பன் இல்லை, மாமன் தலையாட்டினால்தான் கலியாணம். அந்தத் தலையை ஆட்ட வைக்கத்தான் இத்தனை ஆரவாரம்.

விளக்கு வைக்கிற நேரம் எல்லாரும் வந்து கதிரைகளில் அமர்ந்தார்கள். அங்கே அப்போது காலை. அரியநாயகத்தாரின் மனைவி அன்னபூரணம் வடையும் பயத்தம் பணியாரமும் வைத்துவிட்டு, டீவிக்குப் பக்கத்தில் கீழே குந்தினாள். திரையில் ஒரு பெரிய மைதானம். மேளமும் குழலும் முழங்க ஆடிக்கொண்டே ஒரு அணி வந்தது. சனமும் எழும்பி ஆடியது. நம்முடைய தேர்த்திருவிழாவில்கூட இவ்வளவு சந்தோசத்தைக் காண முடியாது.

"எவ்வளவு வடிவா உடுத்திக்கொண்டு வந்திருக்கினம்," என்றாள் அன்னபூரணம்.

கனகசபாபதி வடையைத் தட்டில் வைத்தார். "அரியம், இதென்ன, முழுக்கக் கறுப்பராக் கிடக்கு?"

"அமெரிக்காவிலை எல்லாச் சனமும் இருக்குதுதானே அண்ணை," என்றார் அரியநாயகத்தார்.

மேடையில் ஒருவர் பேசத் தொடங்கினார். கனகசபாபதிக்கு இங்கிலிஷ் தண்ணி பட்ட பாடு. யாரும் கேளாமலே மொழிபெயர்த்தார். "கறுப்பருக்கெண்டே அந்த மாநில அரசாங்கம் கட்டிக் குடுத்த யூனிவர்சிட்டியாம். வெள்ளையளோடை இருந்து படிக்க விடாத காலத்திலை கட்டினதாம். நீர் ஒண்டும் விசாரிக்கேல்லையோ? உதுக்கோ சந்தியிலை அவ்வளவு பெரிய பனர்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அரியநாயகத்தாரின் முதுகில் ஏறியது. எழும்பி, எதையோ சரிசெய்கிறவர் போல டீவிக்குப் பின்னால் கையை விட்டு, இன்ரநெற் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். படம் உறைந்து, பிறகு இல்லாமல் போனது.

"லைன் போயிட்டுது. மழை இருட்டு வந்தால் இப்பிடித்தான்."

வைகாசி மாதத்தில் மழை இருட்டு எங்கிருந்து வந்ததென்று ஒருவரும் கேட்கவில்லை. கீழே குந்தியிருந்த அன்னபூரணம் மட்டும் அந்தக் கையைப் பார்த்தாள். மகளின் பெயரைக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள்.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின் இந்துஜா போனில் வீடியோ எடுத்துப் பேசினாள். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக, வியர்த்து, சிரித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தனீங்களோ அப்பா?"

"ஓம் பிள்ளை, பாத்தனாங்கள்."

"என்ரை பேர் கூப்பிடேக்கை?"

"ஓமோம். எல்லாரும் இருந்து பாத்தவை. கனகசபாபதி அண்ணையும் பாத்தவர்."

அவள் கண்ணைத் துடைத்தாள். "நேரம் சரிவராதோ எண்டு பயந்துகொண்டு நிண்டனான். நீங்கள் பாக்கிறியள் எண்டு நினைச்சுத்தான் மேடையிலை காலை வைச்சனான்."

அரியநாயகத்தாரால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கதையை மாற்றினால் போதும் என்றிருந்தது. "அது கறுப்பரின்ரை யூனிவர்சிட்டி எண்டு நீ ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நான் மறைக்கேல்லை அப்பா. நீங்கள் கேக்கேல்லை. எனக்குச் சம்பளமும் தந்து படிப்பிச்சது இவைதான். நிலத்திலை ஏறின உப்பை என்னெண்டு இறக்கிறது எண்டு நான் படிச்சதெல்லாம் இவையின்ரை தோட்டத்திலைதான். கொஞ்சம் பொறுங்கோ, காட்டுறன்."

போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பெரிய மரங்கள் வந்தன, பிறகு மணிக்கூட்டுக் கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். கிட்டப் போய்ச் சுவரைக் காட்டினாள். ஒரு செங்கல்லில் விரல்கள் பதிந்திருந்தன.

"முதல்முதல் படிக்க வந்த பிள்ளையள் தாங்களே சுட்ட கல்லு அப்பா. தங்களையும் வெள்ளையளின்ரை பெரிய யூனிவர்சிட்டியிலை சேருங்கோ எண்டு கேட்டிருக்கினம். சேர்க்க மனமில்லாமல், இந்தாங்கோ உங்களுக்கெண்டு ஒண்டு எண்டு சேத்து நிலத்தைக் குடுத்தவங்களாம். குடுத்த கவர்னருக்கு வாசலிலை சிலையும் இருந்ததாம். பிறகு இஞ்சத்தைப் பிள்ளையள் சண்டை பிடிச்சுக் கழட்டிப்போட்டினம்." பதிந்த விரல்களைத் தடவினாள். "எங்கடை அப்பப்பாவின்ரை பேரும் ஒரு கல்லிலை இருக்கெல்லோ அப்பா."

அரியநாயகத்தாரின் தகப்பன் தம்பிஐயா தெற்கே மாத்தறையில் கடை வைத்து உழைத்தவர், ஊர்ச் சைவப் பள்ளிக்கூடத்துக்கு மனேச்சராக இருந்தவர். கள்ளுச் சீவல் தொழில் செய்தவர்களின் பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் இருத்த வேண்டும் என்ற கதை வந்தபோது, பனங்காணிக்கு அங்கால் ஒரு துண்டு நிலத்தை எழுதிக்கொடுத்து, அங்கே அவர்களுக்கென்று ஒரு பள்ளிக்கொட்டிலும் போட்டுக் கொடுத்தார். வாசற் கல்லில் "உபயம்: தம்பிஐயா" என்று இன்றைக்கும் இருக்கிறது. அதை ஒரு தர்மமாகத்தான் இந்த வீட்டில் எப்போதும் சொல்லி வந்தார்கள். அரியநாயகத்தாரும் அப்படித்தான் சொல்லி வந்தார், இன்று நேற்றல்ல, ஆயுள் முழுக்க.

ஒரு கிழமை கழித்துக் கனகசபாபதி வந்தார். தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு நயமாகவே கதைத்தார்.

"பொடியனுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. நாங்கள் குறுக்கை நிக்கேல்லை. சந்தியிலை கிடக்கிற பனரைக் கழட்டும். கலியாணக் கார்ட்டிலை அமெரிக்கா எண்டு மட்டும் போடும், யூனிவர்சிட்டிப் பேர் வேண்டாம். மற்றது அரியம், ஆரோ ஒரு கறுப்பு மனிசியைப் பிள்ளை கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வரப்போகுதாம் எண்டு பிரதாபன் சொன்னவன். நயினாதீவிலை, அம்மன் சந்நிதியிலை வைச்சு நடக்கிற கலியாணம். சனம் பெண்ணைப் பாக்குமோ, அந்த மனிசியைப் பாக்குமோ? அது சரிவராது."

அந்த மனிசி மாக்கிறேற். யூனிவர்சிட்டி நூலகத்தில் வேலை செய்கிறவர். படிக்கப் போன நாளிலிருந்து இந்துஜா இருந்தது அவருடைய வீட்டு மேல்மாடி அறையில்தான். முதல் குளிருக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்தவர் அவர். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சக்கூட அன்னபூரணத்திடம் வட்சப் வீடியோவில் கைச்சாடையால் கேட்டுப் பழகியவர். இவருக்கும் அன்னபூரணத்துக்கும் பொதுவாக ஒரு பாசை கிடையாது. இருந்தும் இருவரும் கறிப் படங்களை மாறி மாறி அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

அரியநாயகத்தார் மகளுக்குப் போன் எடுத்தார். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைத்து, கடல், படகு, சனநெருக்கம் என்றெல்லாம் இழுத்து, கடைசியில் சொன்னார்.



"அவ டிக்கற் எடுத்திட்டா அப்பா," என்றாள் இந்துஜா.

"அந்தக் காசை நான் குடுக்கிறன்."

"காசுக்குச் சொல்லேல்லை அப்பா." பிறகு மெதுவாகச் சொன்னாள், "சரி. நான் மாக்கிறேற் அன்ரியிட்டைச் சொல்லுறன். வேறை ஆரும் கேட்டிருந்தால் நான் ஓமெண்டிருக்க மாட்டன். நீங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அவையின்ரை நக்கலுக்கு நடுவிலையும் என்னை இருந்து பாத்தனீங்கள். பிரதாபன் தன்ரை மாமா உங்களைக் கேட்ட கேள்வியளை எனக்குச் சொன்னவர். உங்களுக்கு என்னிலை வெக்கமில்லை எண்டு எனக்குத் தெரியும். கனகசபாபதி மாமாவுக்காகத்தான் கேக்கிறியள். எனக்கு அது போதும்."

கேட்டது கிடைத்துவிட்டது. கலியாணம் பேசி முற்றாகிவிட்டது. மனுசன் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் போனை வைத்தவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. சந்திக்குப் போய்ப் பனரைத் தானே கழட்டி, சுருட்டி, மாட்டுக் கொட்டிலில் செருகினார். அன்னபூரணம் அவரோடு கதைப்பதை விட்டிருந்தாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு அப்பால் போவாள். கோபித்துச் சண்டை பிடித்தாலாவது தாங்கலாம்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அன்னபூரணம் டீவியைப் போட்டாள். நேரலையின் பதிவு. தேடி எடுக்க யாரிடம் பழகினாளோ தெரியாது.

"இருந்து பாருங்கோ," என்றாள். அவ்வளவுதான்.

இருந்து பார்த்தார். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு குடும்பம் எழும்பிக் கத்தியது. "அரியநாயகம் இந்துஜா" என்று, கடித்துக் குதறினாலும் முழுப்பெயரையும் கூப்பிட்டார்கள். அவருடைய பெயர் அந்த மைதானம் முழுக்கக் கேட்டது. யாருமில்லாத பிள்ளைக்கு யார் எழும்பப் போகிறார்கள் என்று அவர் நினைத்த கணத்தில் ஒரு வரிசை முழுவதும் எழும்பியது. இந்துஜாவின் முகத்தைப் பெரிதாக மட்டையில் வெட்டித் தடியில் தூக்கிக்கொண்டு, தொப்பி வைத்த ஒரு தடித்த மனிசி தொண்டை கிழியக் கத்தினார். அதுதான் மாக்கிறேற். இந்துஜா மேடையில் நின்று, கமராப் பக்கம் திரும்பி, தலைக்குமேல் கைகூப்பிக் கும்பிட்டாள். கமரா மறுபடி அந்த வரிசைக்கு வந்தது. மாக்கிறேற்றுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகளில் ஆட்கள் இல்லை. ஒன்றில் அரியநாயகத்தாரின் படம், மற்றதில் அன்னபூரணத்தின் படம், சட்டம் போட்டுச் சாத்தி வைத்திருந்தது.

அன்னபூரணம் நெஞ்சில் கையை வைத்தாள். "ஐயோ, செத்த ஆக்களுக்கெல்லோ இப்பிடிப் படம் வைக்கிறது!" பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அவைக்குத் தெரியாதுதானே. வந்திருக்கிற மாதிரி இருக்கட்டும் எண்டு வைச்சிருக்கினம்."

அரியநாயகத்தார் குலுங்கி அழுதார். மாத்தறையில் தகப்பனின் கடை கலவரத்தில் எரிந்தபோதுகூட இப்படி அழாத மனுசன். அன்னபூரணம் தேற்றவில்லை. தன்னுடைய போனை எடுத்து, மாக்கிறேற்றின் பெயரைத் தட்டி, அவர் கையில் வைத்தாள்.

"அந்த மனிசியோடை கதையுங்கோ. கனகசபாபதியரைப் பிறகு பாப்பம்."

அவரிடம் இருந்தது இளவயதில் மாத்தறைக் கடையில் சுற்றுலா வந்த வெள்ளைக்காரருக்குச் சாமான் விற்ற இங்கிலிஷ்தான். அதை வைத்துத் தட்டுத்தடுமாறித் தான் இன்னார் என்றார். மாக்கிறேற் சந்தோசமாகக் கூவினார். பின்னால் பாத்திரங்களின் சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டே கதைக்கிறார் போலும்.

நீங்கள் கலியாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார் அரியநாயகத்தார்.

மாக்கிறேற்றின் குரல் தணிந்தது. அவர் சொன்னதில் இவருக்கு விளங்கியது இவ்வளவு: கடல் சரியில்லை, வயது போனவர்களுக்குப் படகு ஆபத்து என்று இந்துஜா சொன்னாள். நான் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவள். வராதே என்பதை மனிதர்கள் எத்தனை விதமாகச் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதை விடுங்கள். நீங்கள் ஊரைக் கூட்டி வைத்து அவளைப் பார்த்தீர்களாம். பிள்ளை அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுகிறாள். உங்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் நாங்கள் அப்படிக் கத்தினோம். கேட்டதா?

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் அப்படியே கிடக்கும். அரியநாயகத்தார் அன்னபூரணத்தைப் பார்த்தார்.

"இல்லை," என்றார். தெரிந்த இங்கிலிஷ் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. அவளைக் கூப்பிட முன்னமே வயரைப் பிடுங்கியது நான்தான். வந்த ஆட்கள் சிரித்தார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது. பார்த்தோம் என்று பிள்ளைக்குப் பொய் சொன்னேன். இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அந்தக் குசினியில் இன்னொரு ஆள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு தமிழில், மிகவும் கிட்டத்தில், அந்தக் குரல் வந்தது.

"அப்ப, நீங்கள் பாக்கேல்லையோ அப்பா?"