மெட்டு மட்டும் வந்தது

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி மேடையில் திலகவதியும் அவள் தம்பி இளம்பரிதியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மெட்டு, அவள் வரி. சினிமா போஸ்டரில் ‘திலகா-பரிதி’ என்று சேர்ந்தேதான் அச்சாகும். இந்த டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள் என்பதால் நாற்காலி கிடைக்காதவர்களும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

“இவ்ளோ ஒத்துமையா இருக்கீங்களே, உங்களுக்குள்ள சண்டையே வராதா?” என்று நிகழ்ச்சி நடத்திய பெண் கேட்டாள்.

“சண்ட போட எங்களுக்கு நேரம் ஏதுங்க?” என்றான் பரிதி. கூட்டம் கைதட்டியது. திலகவதியும் சிரித்து வைத்தாள்.

சண்டை போட வேண்டுமென்றால் முதலில் பேச வேண்டுமே. அப்பா செத்த பிறகு இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. சென்னையிலிருந்து போனில் மெட்டு வரும். மந்தாரக்குப்பத்தில் அவள் வீட்டிலிருந்து வரி போகும். வந்து சேர்ந்தது என்றுகூட யாரும் எழுதுவதில்லை.

அப்பா கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் பர்மனென்ட். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், காலை ஷிஃப்டுக்கு அவரை எழுப்பிவிடுவது சின்ன வயதிலிருந்தே திலகவதியின் வேலை. “யப்பா, எழுந்திரிப்பா, பஸ்ஸு போயிடும்ப்பா” என்று அடுப்படியிலிருந்தே இழுத்துக் கூப்பிடுவாள். அவரைக் கிடத்தியிருந்த அன்றைக்கு அவளுக்கு ஒப்பாரி எதுவும் வாயில் வரவில்லை. அவர் காலைக் கட்டிக்கொண்டு அதையேதான் சொல்லிச் சொல்லி அழுதாள். பரிதி சுவரோரம் போனும் கையுமாக நின்றிருந்தான். யாருக்கோ சேதி சொல்கிறான் என்று நினைத்தாள்.

காரியம் முடிந்து அவன் ஊருக்குப் போன கையோடு ஒரு மெட்டு வந்தது. காதலன் பிரிந்து போகும் பாட்டு, அவசரம் என்று எழுதியிருந்தான். போட்டுக் கேட்டாள். ‘எழுந்திரிப்பா’ என்று அவள் குரல் ஏறி உடைந்த இடத்தில் வயலின் ஏறி உடைந்தது. ‘பஸ்ஸு போயிடும்’ என்று தழைந்த இடத்தில் அதுவும் தழைந்தது.

அவனே கூப்பிட்டு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். கூப்பிடவில்லை. கடைசியில் உட்கார்ந்து எழுதினாள். அப்பா என்ற இடத்தில் அன்பே என்று போட்டாள். அச்சாகப் பொருந்தியது. அந்தப் பாட்டுத்தான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

இன்றைக்கும் கூட்டம் அதைத்தான் கேட்டது. பரிதி மைக்கை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். திலகவதி மடியில் கிடந்த பூங்கொத்தின் காகிதத்தை மடித்தபடியே இருந்தாள்.

விழா முடிந்து கார் நிற்கும் இடம்வரை சேர்ந்து நடக்க வேண்டியதாயிற்று.

“அது என் அழுகை, பரிதி” என்றாள்.

அவன் நின்றுவிட்டான். “தெரியும்க்கா.”

“என்னை ஒரு வார்த்த கேட்டியா?”

“எழுத மாட்டேன்னு நீ திட்டுவேன்னு பாத்துகினே இருந்தேன். எழுதி அனுப்பிட்ட. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சிகினு பேசறது?” அவன் குரல் இறங்கியது. “அன்னிக்கு எனக்கு அழுகையே வரலக்கா. ரூம்ல போயி, போன்ல புடிச்சி வச்சிருந்த உன் அழுகையப் போட்டுப் போட்டுக் கேட்டுதான் அழுதேன். கேக்கக் கேக்க அது பாட்டா ஆயிடுச்சி.”

இத்தனை வருஷமாக அவனிடம் கேட்க வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு வேறொன்று சொன்னாள்.

“இனிமே மெட்டு அனுப்பாத. போன் பண்ணு. சாப்ட்டியான்னு கேளு, போதும்.”

“சரிக்கா.”

“வூட்டுக்கு வாடா. உங்க மாமா நைட் ஷிஃப்டு போயிருக்காரு. ரெண்டு தோச ஊத்தறேன்.”

“காலைல ரெக்கார்டிங் இருக்குக்கா.”

கார் போய்விட்டது.

அவள் சொன்னபடியே மெட்டு அனுப்புவதை நிறுத்திவிட்டான். போனும் வரவில்லை. ஒருமுறை மனம் கேளாமல் அவளே கூப்பிட்டாள். யாரோ எடுத்தார்கள்.

“சார் வேலையா இருக்காருங்க. நீங்க யாரு பேசறது?”

“அக்கா.”

“எந்த அக்காங்க?”

போனை வைத்துவிட்டாள். மெட்டு வந்துகொண்டிருந்தவரை, நடு ராத்திரியானாலும் அவனுக்குத் தன் நினைப்பு வருகிறது என்பதாவது தெரிந்துகொண்டிருந்தது. அதையும் தானே கெடுத்துக்கொண்டோமோ என்று சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுவருஷம் ஆடி பிறந்து ஒரு நாள், மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது கடை ரேடியோவில் ஒரு புதுப் பாட்டு. முதல் அடியிலேயே பரிதி என்று தெரிந்துவிட்டது. வரி வேறு யாரோ. நன்றாகவே எழுதியிருந்தார்கள். சரணத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு சொல் முட்டிக்கொண்டு நின்றது. அங்கே என்ன சொல் வர வேண்டும் என்று அவளுக்கு உடனே தோன்றிவிட்டது.

“நீங்க எழுதுனதாம்மா?” என்று கேட்டார் கடைக்காரர் வைத்திலிங்கம்.

“இல்லீங்க. மெட்டு என் தம்பிது” என்றாள். பாட்டு முடியும்வரை கத்தரிக்காயைப் பொறுக்குவதுபோல் குனிந்தே நின்றாள்.