பாதிப் பெயர்

மொந்தால்பான் குடும்பத்தில் அதிபராவது பல் முளைப்பது மாதிரி. கொஞ்சம் வலிக்கும், காய்ச்சல் வரும், ஆனால் வராமல் போகாது. தாத்தா, பெரியப்பா, அப்பா என்று வரிசையாக உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் தோன் எவரிஸ்தோ மொந்தால்பான் கிரோஸும் உட்கார்ந்தார். பழமைவாதிகளின் பச்சைக் கட்சி. பச்சை நாடா, ஞாயிற்றுக்கிழமை பூசை, பாதிரியார் முன்னால் தொப்பியைக் கழற்றுவது என்று எதிலும் குறை வைக்காதவர். அவரிடம் இருந்த ஒரே கோளாறு, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பதுதான். அந்த வீட்டில் அதற்கு முன் யாருக்கும் அது வந்ததில்லை.

பதவியேற்ற அன்று ஏரித்துறையில் கூடியிருந்த ஜனங்களிடம், "எனக்கு அடுத்து எங்க ரத்தத்துல யாரும் இந்த நாற்காலியில உக்கார மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். சிவப்புக் கட்சிக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். கைதட்டல் சும்மா விடுமா? அதையே சட்டமாகவும் போட்டுவிட்டார்.

இப்போது பதவி முடியப்போகிறது, அடுத்து நிறுத்த ஆளில்லை. நிதி மந்திரி மாமன் மகன். தளபதி ருபேர்த்தோ அத்தை மகன். எதிர்க்கட்சித் தலைவராவது வெளியாளா என்று பார்த்தால், அவர் ஒன்றுவிட்ட சித்தப்பா. "ஆள் கிடைக்கலேன்னா சட்டத்தைத் தூக்கிட்டாப் போச்சு" என்று அத்தை பெர்பெத்துவா சொல்லிக்கொண்டிருந்தாள். ருபேர்த்தோ, அதிபர் மார்பில் குறுக்காக அணியும் பதவிப் பட்டைக்கு இடுப்பு அளவே கொடுத்தாயிற்று.

மந்திரிசபை உண்மையில் கூடுவது ஞாயிறு மதியம் அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். அந்த ஞாயிறு, வாழையிலையில் கட்டி வேகவைத்த நகத்தமால் ஆவி பறக்க, எவரிஸ்தோ எழுந்து நின்றார்.

"ஆள் கிடைச்சாச்சு. துறைமுக நீதிபதி லாஸரோ ஊபெதா."

மேசையில் கைகள் அப்படியே நின்றன.

"ஊபெதா... அப்புறம்?" என்றான் ருபேர்த்தோ.

"அப்புறம் ஒண்ணுமில்ல. வெறும் ஊபெதாதான். எனக்குப் பிடிச்சதே அதுதான். நம்ம பேரு அவர் பேர்ல எந்த மூலையிலயும் கிடையாது!"

அந்த ஊரில் மனிதனுக்கு இரண்டு குடும்பப் பெயர். முன்னால் அப்பாவுடையது, பின்னால் அம்மாவுடையது. ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது அம்மாவுடையது. அப்பா யாரென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். பால்காரிக்கும் தெரிந்த சங்கதி இது. பிறந்த அன்றே இரண்டு பெயரையும் வெள்ளித்தட்டில் வாங்கிக்கொண்ட மனிதருக்கு மட்டும், பாதிப் பெயர் எளிமையாகத் தெரிந்தது.

அத்தை நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல பிள்ளை. எனக்குச் சம்மதம்."

"எனக்கும்தான்" என்றான் ருபேர்த்தோ. "எவனோ வெளியாளைக் கொண்டாந்துடுவியோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். வயித்துல பால வார்த்தேப்பா."

இவ்வளவு சீக்கிரம் அந்த மேசை எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. எவரிஸ்தோவுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு நகத்தமால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பாவம்.

மறுநாள் காலை நீதிமன்றத்துக்குத் தானே போனார். லாஸரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க தெரிஞ்சுதான் கேக்கறீங்களா, இல்ல என்கிட்ட விளையாடறீங்களா?"

"என்ன தெரிஞ்சு?"

லாஸரோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். இடது காதின் மேல்நுனி உள்ளே மடங்கியிருந்தது. எவரிஸ்தோவின் கை தானாகத் தன் இடது காதுக்குப் போனது. அரண்மனைப் படத்தில் அப்பாவுக்கும் அதே காதுதான்.

"எங்கம்மா உங்க வீட்டுல துணி தேச்சவங்க. நீங்க பிறக்கறதுக்கு முன்னாடியே என்னை அவங்க கையில குடுத்து வீட்டை விட்டே அனுப்பிட்டாங்க."

எவரிஸ்தோவுக்கு வெட்கம் காதுவரை ஏறியது, மடங்கிய நுனி உட்பட.

"எனக்குப் பதவி வேண்டாம்" என்றார் லாஸரோ. "இவன் எங்கப்பா மகன்னு ஊர் கேக்க ஒரே ஒரு தடவை சொல்லுங்க. எங்கம்மா இன்னும் உயிரோட இருக்காங்க. அவங்க காதுல அது விழணும்."

சொன்னால் சட்டப்படி லாஸரோ நிற்க முடியாது. வேறு ஆள் கிடையாது. அத்தை சட்டத்தைத் தூக்கிவிடுவாள், ருபேர்த்தோ உட்காருவான், ஏரித்துறையில் சொன்ன சொல் காற்றோடு போகும். சொல்லாவிட்டால் சொல் நிற்கும். எவரிஸ்தோ வெகுநேரம் யோசித்தார். நல்ல மனிதர்தான், யோசித்ததும் நிஜம்தான்.

"நாட்டுக்கு வாக்குக் குடுத்துட்டேனே..." என்றார் கடைசியில்.

லாஸரோ சிரித்தார். "அப்பாவும் எங்கம்மாகிட்ட இதையேதான் சொன்னாராம். கட்சிக்கு வாக்குக் குடுத்துட்டேனேன்னு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, நிக்கறேன். பேரு கிடைக்கலேன்னாலும், நாற்காலியையாவது அவங்க கண்ணால பாக்கட்டும்."

ஜெயிப்பதில் சிரமமே இல்லை. மொந்தால்பான் வீட்டார் எல்லோரும் சொந்த வேட்பாளருக்கு உழைப்பதுபோல உழைத்தார்கள்.

பட்டை மாற்றும் விழா அதே ஏரித்துறையில் நடந்தது. முன்வரிசையில் கறுப்பு முக்காட்டில் ஒரு கிழவி. அவளுக்கு அடுத்த நாற்காலியில் அத்தை பெர்பெத்துவா விசிறிக்கொண்டிருந்தாள்.

"சொன்னதைச் செஞ்சுட்டேன்!" என்று கூவினார் எவரிஸ்தோ. "இவர் உடம்புல எங்க ரத்தம் ஒரு சொட்டு இல்ல!"

கூட்டம் இரண்டு இடது காதுகளையும் பார்த்தது. பிறகு மரியாதைக்குக் கைதட்டியது. கிழவி கைதட்டவில்லை, மகன்மேலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

பட்டையை வாங்கக் குனிந்த லாஸரோ, எவரிஸ்தோவுக்கு மட்டும் கேட்கும்படி, "ரொம்ப நன்றி, தம்பி" என்றார்.

ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த எவரிஸ்தோவை அப்படி அழைக்க யாரும் இருந்ததில்லை. 'அண்ணே' என்று சொல்ல வாயைத் திறந்தார். அத்தையின் விசிறி நின்றது.

"வாழ்த்துகள், ஐயா" என்றார்.